வீட்டைவிட்டு வந்த பிறகும் உரிமை உண்டு: பிரிந்து வாழும் பெண்களின் அனுபவப் பகிர்வு

வாசல்கோலம் எழுதியது:

அடி தாங்க முடியாமல் பிள்ளையை அழைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்ட பெண்ணிடம் உறவுக்காரர்கள் முதலில் சொல்வது, "நீயாகத்தானே வெளியே வந்தாய், இனி அங்கே உனக்கு என்ன இருக்கிறது?" என்பதுதான். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். விவாகரத்து வாங்காதவரை சமாதானமாகப் போக வேண்டும், வாங்கிவிட்டாலோ எதுவும் கேட்கக் கூடாது. இரண்டு பக்கமும் கதவை அடைக்கும் இந்தப் பேச்சை நம்பி எத்தனையோ பேர் வெறுங்கையோடு இருக்கிறார்கள். அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. கணவரோடு இப்போது வாழ்கிறவர்களுக்கு மட்டுமல்ல, முன்பு எப்போதாவது ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களுக்கும் அது பொருந்தும். விவாகரத்து வழக்குப் போட்டிருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.

நான் முதலில் போனது மகளிர் காவல் நிலையத்துக்கு. அங்கே இருவரையும் உட்காரவைத்துப் பேசி, "இனி சண்டை போடமாட்டோம்" என்று இருவரிடமும் எழுதி வாங்கி அனுப்பிவிட்டார்கள். சண்டை போட்டது யார், அடி வாங்கியது யார் என்ற வித்தியாசமே அந்தக் காகிதத்தில் இல்லை. நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) மனு போடலாம், பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கலாம், இலவச சட்ட உதவி உண்டு, குற்றப் புகாரும் கொடுக்கலாம் என்பதையெல்லாம் புகாரோடு வரும் பெண்ணுக்கு எடுத்துச் சொல்வது காவலரின் கடமை என்று அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை. புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் பிடிவாதமாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பின்னால் அது உதவியது.

வழி திறந்தது மாவட்ட சமூக நல அலுவலகத்தில்தான். அங்கே இருந்த பாதுகாப்பு அலுவலர் அம்மா என்னை அழவிட்டார், தண்ணீர் கொடுத்தார், பிறகு படிவத்தை எடுத்தார். எல்லோரும் டி.ஐ.ஆர். என்று சொல்கிற குடும்ப வன்முறை அறிக்கை அது. "அடிக்கடி அடிப்பார் என்று எழுதாதீர்கள் அம்மா. எந்த நாள், எந்த இடம், எதைக்கொண்டு அடித்தார், யார் பார்த்தார்கள் என்று சொல்லுங்கள்" என்றார். நான் யோசித்துச் சொல்லச் சொல்ல, பொங்கலுக்கு முந்தைய நாள் சிலிண்டர் தீர்ந்துபோனதற்காக விழுந்த அடி தேதியோடு காகிதத்தில் ஏறியது. உடல் வன்முறைக்கு ஒரு பகுதி, பாலியல் வன்முறைக்கு ஒரு பகுதி, வசைச்சொல்லுக்கும் மன உளைச்சலுக்கும் ஒரு பகுதி, பொருளாதார வன்முறைக்கு ஒரு பகுதி. என் சம்பள ஏ.டி.எம். கார்டு கல்யாணமான மாதத்திலிருந்து அவருடைய பர்ஸில்தான் இருந்தது. அதையும் அந்த அம்மா எழுதிக்கொண்டார். என் பணத்தை என்னிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தது வன்முறை என்று அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கை வீங்கி அரசு மருத்துவமனைக்குப் போனபோது, மாமியார் சொல்லிக்கொடுத்தபடி "படியில் வழுக்கிவிட்டது" என்று சொல்லாமல், "கணவர் அடித்தார்" என்றே மருத்துவரிடம் சொன்னேன். விபத்துப் பதிவேட்டில் அப்படியே பதிந்தார்கள். அந்த ஏ.ஆர். காப்பிதான் என் வழக்குக்கு முதுகெலும்பு.

மனு போட்டது நடுவர் நீதிமன்றத்தில், 12ஆம் பிரிவின் கீழ். முதல் விசாரணையைச் சாதாரணமாக மூன்று நாட்களுக்குள் வைக்க வேண்டும், 60 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடப்பில் வாய்தாவுக்கு மேல் வாய்தாதான். எதிர்பார்த்துப் போய் மனம் உடையாதீர்கள். ஆனால் 23ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்கலாம். பிரமாணப் பத்திரத்தின் பேரிலேயே, எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே நடுவர் அதைத் தரலாம். என் அலுவலகத்துக்கு வரக் கூடாது, போனில் தொந்தரவு செய்யக் கூடாது என்ற உத்தரவு எனக்கு அப்படித்தான் கிடைத்தது. அலுவலக வாசலில் அவர் நின்று கத்தும் நாட்கள் அதோடு முடிந்தன.

உங்களுக்கு எது உதவியது, எது உதவவில்லை என்று எழுதுங்கள். பெயர், ஊர் வேண்டாம்.

முல்லைக்கொடி எழுதியது:

எனக்கு நேர்ந்தது வேறு. நான் வெளியே வரவில்லை, வெளியே தள்ளினார்கள். பூட்டை மாற்றிவிட்டு, "வீடு என் பெயரில் இருக்கிறது, மகனோடு உனக்குத் தகராறு என்றால் அவனிடம் போய்க் கேள்" என்றார் மாமனார். பல வருடங்களாக இந்த வாதம் நீதிமன்றங்களில் எடுபட்டது. 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் அப்படித்தான் சொல்லியிருந்தது: கணவனுக்குச் சொந்தமான வீடு, அவன் வாடகைக்கு எடுத்த வீடு, அல்லது அவனுக்குப் பங்குள்ள கூட்டுக் குடும்ப வீடு என்றால்தான் மனைவிக்குக் குடியிருக்கும் உரிமை. 2020 அக்டோபர் 15 அன்று சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் தவறென்று தள்ளியது. கணவனின் உறவினருக்குச் சொந்தமான வீடாக இருந்தாலும், அங்கே அவள் நிலையாகக் குடும்பம் நடத்தியிருந்தால் அது கூட்டாக வாழ்ந்த வீடுதான். என் வழக்கறிஞர் அந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் வாதாடினார்.

உத்தரவு கிடைத்ததும் அங்கேயே போய் உட்கார்ந்தேனா என்றால், இல்லை. அந்தச் சமையலறையில் மறுபடியும் நிற்க என் உடம்பே ஒப்பவில்லை. 19ஆம் பிரிவில் இன்னொரு வழி இருக்கிறது: அதே தரத்தில் வேறு வீடு பார்த்துத் தர வேண்டும், அல்லது வாடகை கொடுக்க வேண்டும். அதைக் கேட்டோம். வாடகை வருகிறது. சில மாதம் தாமதமாக வருகிறது, ஆனால் வருகிறது. "உரிமை இருக்கிறதென்றால் அங்கேயே போய் இரு" என்று சொல்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

ஓர் அண்ணன் எழுதியது:

தங்கைக்காக எழுதுகிறேன். அவள் முதல் தடவை வந்தபோது, என் பெற்றோர் மாப்பிள்ளைக்கு விருந்து வைத்து அவளைத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த முறை நான் விடவில்லை.

பாதுகாப்பு உத்தரவு கிடைத்த பிறகும் ஒரு நாள் இரவு குடித்துவிட்டு வந்து வாசற்கதவை எட்டி உதைத்தார். 100க்கு அழைத்தோம். வந்த காவலர் "குடும்பத் தகராறு, காலையில் நிலையத்துக்கு வந்து பேசிக்கொள்ளுங்கள்" என்றார். தங்கை உள்ளே போய் உத்தரவின் நகலை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். பாதுகாப்பு உத்தரவை மீறுவது தனிக் குற்றம்: 31ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கைது செய்ய வாரண்டு தேவையில்லை, ஜாமீனும் தானாகக் கிடைக்காது. காகிதத்தைப் படித்த பிறகு அவர் பேசிய தோரணையே மாறிவிட்டது. அன்றிரவே மாப்பிள்ளையை ஜீப்பில் ஏற்றினார்கள்.

அண்ணன் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். உத்தரவின் நகல் இலவசம். உங்கள் எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்துக்கும் நகல் போக வேண்டும் என்பது சட்டம். போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே நிலையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டில் பீரோவுக்குள் வைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் ஒரு நகல் இருக்கட்டும்.

செம்பருத்தி எழுதியது:

நான் பிரிந்து வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. நகையும் சீர்வரிசையும் அங்கேயே கிடந்தன. "வருஷக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு இப்போது எதற்கு?" என்று கேட்டார்கள். ஓராண்டுக்குள் மனு போட்டிருக்க வேண்டும், காலம் கடந்துவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. தமிழ்நாட்டிலிருந்து போன காமாட்சி வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: 12ஆம் பிரிவு மனுவுக்கு அந்த ஓராண்டுக் கெடு கிடையாது. 2015இல் கிருஷ்ணா பட்டாச்சார்ஜி வழக்கிலும், விவாகரத்து ஆகாமல், பிரிந்து வாழ நீதிமன்ற உத்தரவு மட்டும் பெற்ற பெண் தன் சீதனத்தைக் கேட்கலாம், அதைத் திருப்பித் தராமல் வைத்திருப்பது தொடர்ந்து நடக்கும் குற்றம் என்று தீர்ப்பு வந்திருக்கிறது.

பட்டியல் போடத்தான் சிரமப்பட்டேன். நகைக்கடை ரசீதில் பாதி மங்கிப்போயிருந்தது. கல்யாண ஆல்பத்தை எடுத்து, ஒவ்வொரு படத்திலும் கழுத்திலும் கையிலும் இருப்பதை அம்மாவோடு உட்கார்ந்து எழுதினேன்: இரண்டு வடச் சங்கிலி, நெளி வளையல், அத்தை போட்ட ஜிமிக்கி. அப்பா வாங்கிக் கொடுத்த பீரோவும் கிரைண்டரும் வரிசைத் தட்டுகளுக்குப் பின்னால் ஒரு படத்தில் நிற்கின்றன. அந்தப் படங்களை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நகையில் பெரும்பகுதி வந்துவிட்டது. ஜிமிக்கியை அடகு வைத்து மூழ்கவிட்டிருந்தார்கள்.

பழைய குமாஸ்தா எழுதியது:

வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்தவன். ஜீவனாம்சம் பற்றி மட்டும் சொல்கிறேன். "எனக்கு வருமானமே இல்லை" என்று கூசாமல் சொல்கிற கணவன்மாரை நிறையப் பார்த்திருக்கிறேன். 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பிறகு, இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஜீவனாம்சமும் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்காகும். ஆகவே அவர் வேலை செய்யும் இடம், வண்டி எண், வங்கிக் கிளை என்று தெரிந்ததையெல்லாம் இப்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மாதச் சம்பளக்காரர் பணம் தராமல் இழுத்தடித்தால், சம்பளத்திலிருந்து நேரே உங்களுக்குத் தரும்படி நிறுவனத்துக்கு நடுவர் உத்தரவிடலாம், 20ஆம் பிரிவில் அதற்கு இடம் இருக்கிறது. நான் பார்த்தவரை இந்த ஒரு வரிக்குத்தான் பலரும் பயப்படுகிறார்கள்.

ரோஜாப்பூ எழுதியது:

முத்தலாக் என்று ஒரு கடிதம் அனுப்பிவிட்டு, "இனி நீ என் மனைவியே இல்லை, டி.வி. கேஸ் செல்லாது" என்றார் என் கணவர். குடும்ப வன்முறை வழக்கைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இந்தச் சட்டம் எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொது. உடனடி முத்தலாக் செல்லாது என்று 2017இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2014இல் ஜுவேரியா வழக்கிலோ, குடும்ப வன்முறை நடந்த பிறகு விவாகரத்து ஆனாலும் அந்த வன்முறைக்கான நிவாரணம் அற்றுப்போகாது என்று தீர்ப்பு வந்தது. என் மாமாவுக்கே இது தெரியாது. ஜமாத்தில் பேசப் போனபோது வழக்கறிஞர் எழுதிக் கொடுத்த தாளை அவர்தான் வாசித்துக் காட்டினார்.

புதிய உறுப்பினர் எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன், கை நடுங்குகிறது. நான் இப்போது அம்மா வீட்டில் இருக்கிறேன். கணவர் வீடு வேறு மாவட்டம். வழக்குப் போட அங்கேதான் போக வேண்டுமா? பையனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாரோ என்று பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவே பயமாக இருக்கிறது. கையில் பணமும் இல்லை.

வாசல்கோலம் எழுதியது:

அம்மா, நீங்கள் அங்கே போக வேண்டாம். தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம் என்று 27ஆம் பிரிவு சொல்கிறது. கொடுமைக்கான குற்றப் புகாரையும் தஞ்சம் புகுந்த இடத்தில் கொடுக்கலாம் என்று 2019இல் ரூபாலி தேவி வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. இந்தக் கொடுமைக் குற்றத்தைத்தான் முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ என்று சொல்வார்கள், அது 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85ஆம் பிரிவு.

பையனுக்கு 21ஆம் பிரிவில் தற்காலிகப் பொறுப்பு கேளுங்கள். முதல் மனுவிலேயே கேளுங்கள். அப்பா வந்து பார்ப்பது பிள்ளைக்குக் கேடு என்று நடுவர் கருதினால் அதையும் மறுக்கலாம். உத்தரவு வரும்வரை, உங்களைத் தவிர யாரோடும் பையனை அனுப்ப வேண்டாம் என்று தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையொப்பம் பெறுங்கள். நான் அப்படிச் செய்தேன், வகுப்பாசிரியை எனக்குப் பெரிய துணையாக இருந்தார்.

வழக்கறிஞருக்குப் பணம் வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருவது மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் பொறுப்பு. நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், 15100க்கும் அழைக்கலாம். இன்றிரவே ஆபத்து என்று தோன்றினால் பெண்கள் உதவி எண் 181க்கு அழையுங்கள், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான சகி மையத்தில் சில நாட்கள் பிள்ளையோடு தங்கவும் இடம் தருவார்கள்.

நாளை காலை சமூக நல அலுவலகத்துக்குப் போகும்போது ஆதார், கல்யாணப் பத்திரிகை அல்லது பதிவுச் சான்று, பையனின் பிறப்புச் சான்றிதழ், மருத்துவச் சீட்டு எதுவிருந்தாலும் அது, அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். செய்திகளை அழித்துவிடாதீர்கள். ஒன்றிரண்டு இல்லையென்றாலும் கிளம்புங்கள். டி.ஐ.ஆர். இல்லாமலேயே நடுவர் மனுவை எடுத்துக்கொள்ளலாம் என்று 2022இல் பிரபா தியாகி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதனால் காகிதம் குறைகிறது என்று யாராவது திருப்பி அனுப்பினால் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக நேரே மனு போடுங்கள். எந்த மாவட்டம் என்று எனக்குத் தனிச்செய்தியில் மட்டும் சொல்லுங்கள், அந்தப் பக்கத்து உறுப்பினர் யாராவது உங்களோடு வருவார்கள்.