பிரிபுள்ளியா, கவையா?

நண்பர்களுக்கு வணக்கம். 'வரலாறு வேறு மாதிரி நடந்திருந்தால்?' என்று எழுதும் கதை வகைக்குத் (alternate history) தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் குழுப் பேச்சில் ஒருவர் எழுதியது:

> மாற்று வரலாறு என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லாருக்கும் புரிகிறது.

புரிகிறது ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரிகிறது. மாற்று மருத்துவம், மாற்று சினிமா வரிசையில் அதையும் சேர்த்து, எளிய மக்கள் பக்கம் நின்று எழுதிய வரலாறு என்றுதான் கொள்வார்கள். அது நடந்ததைப் பற்றியது. நமக்கு வேண்டியது நடக்காததற்கு ஒரு பெயர். 'நிகழா வரலாறு' என்பது என் பரிந்துரை. 'ஊக வரலாறு' வேண்டாம். சான்று போதாத இடத்தில் எல்லா வரலாற்றாசிரியர்களும் ஊகிக்கத்தான் செய்கிறார்கள்.

சரி, கதை உண்மை வரலாற்றிலிருந்து பிரியும் இடத்துக்கு என்ன சொல்? 'பிரிபுள்ளி' பார்க்க அழகுதான். துருக்கியரின் உதுமானியப் பேரரசில் வைத்துப் பார்த்தால் தடுமாறுகிறது. சுல்தான் சுலைமான் 1553-இல் எரேலி பாசறையில் தன் மகன் முஸ்தஃபாவைக் கொல்லாமல் விட்டிருந்தால் என்றுதான் பலரும் தொடங்குவார்கள். ஆனால் அங்கே அப்போது மூத்தவனுக்கே பட்டம் என்ற விதி கிடையாது. தந்தை இறந்ததும் முந்திக்கொண்டு தலைநகருக்கு வந்து படையைத் தன் பக்கம் வைத்துக்கொள்பவரே சுல்தான். அதனால் எந்த இளவரசருக்கு எந்த ஊர் ஆட்சி என்பதிலேயே பாதி முடிவாகிவிடும். தலைநகர் இஸ்தான்புல்லுக்குக் கிட்டத்தில் இருந்த மனிசாவில் ஆண்ட முஸ்தஃபாவை 1541-இல் தொலைவில் இருந்த அமாசியாவுக்கு மாற்றினார்கள். மனிசா தம்பி மெஹ்மதுக்குப் போனது. அவர் 1543-இல் நோயில் இறக்க, அடுத்த தம்பி செலீமுக்கு வந்தது. 1566-இல் பட்டமேறியவர் அந்தச் செலீம்தான். அதற்குமுன் 1559-இல் கோன்யாவில் இன்னொரு தம்பி பாயஸீதைத் தோற்கடிக்க வேண்டியிருந்தது. இதில் எதைப் புள்ளி என்பது?

அதனால் 'கவை' என்கிறேன். பந்தலுக்கு நடும் கவைக்கொம்பைப் பாருங்கள்: பிளந்த பின்னும் கொஞ்ச தூரம் இரு கிளையும் நெருங்கியே போகும். கிளைக்குள் கிளையும் வரும். 1541 முதற்கவை, மற்றவை உட்கவை என்று அடுக்க வசதி.

சங்கப் பாடல்களில் கிளைவழிக்குக் 'கவலை' என்று பெயர் உண்டு. முஸ்தஃபாவுக்குப் பொருத்தம்தான், ஆனால் இன்று யாரும் அதை வழி என்று படிக்க மாட்டார்கள். 'கவைக்குதவாத சொல்' என்று குழுவில் யாரோ கிண்டலடிக்கப் போகிறீர்கள், அதுவும் தெரியும்.

மறுப்பவர்கள் மாற்றுச் சொல்லை மட்டும் அனுப்பாமல், அதை வைத்து முஸ்தஃபாவைப் பற்றி ஒரு வாக்கியமும் எழுதி அனுப்புங்கள்.