உதவி: ஃப்ரீசரில் வைத்த வாஃபிள் சூடாக்கினால் தொய்ந்து போகிறது

காலைக்காபி:
வணக்கம். காலையில் இரண்டு பிள்ளைகளை ஏழரை மணி வேனில் ஏற்றிவிட வேண்டும், அதனால் ஞாயிற்றுக்கிழமையே வாஃபிளும் பான்கேக்கும் மொத்தமாகச் சுட்டு ஃப்ரீசரில் போட்டு வைக்கிறேன். சுட்டவுடன் வாஃபிள் மொறுமொறுவென்றுதான் இருக்கிறது. ஃப்ரீசரிலிருந்து எடுத்து மைக்ரோவேவில் ஒரு நிமிடம் வைத்தால் ஓரமெல்லாம் ரப்பர் மாதிரி இழுக்கிறது, நடுவில் ஒரே ஈரம். போதாததற்கு எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கத்தியால் நெம்ப வேண்டியிருக்கிறது. பான்கேக் பரவாயில்லை, ஆனால் மேலே ஐஸ் துகள் படிகிறது. 2 கப் மைதா, 2 முட்டை, 1¾ கப் பால், 4 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், 1 டேபிள்ஸ்பூன் சர்க்கரை, கொஞ்சம் உப்பு, எண்ணெய். கோளாறு மாவிலா ஃப்ரீசரிலா?

இரும்புக்கல்:
எண்ணெய் எவ்வளவு என்று எழுதவே இல்லையே? அப்புறம், சுட்டதை எப்படி ஆற வைக்கிறீர்கள் அக்கா?

காலைக்காபி:
அக்கா இல்லைங்க, அப்பா :) எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன். குறிப்பில் அரை கப் என்று இருந்தது, வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆற வைப்பது தட்டில்தான், ஒன்றன்மேல் ஒன்றாக. லேசான சூடு இருக்கும்போதே கவரில் போட்டுவிடுவேன்.

இரும்புக்கல்:
சரிங்க, பதில் அதிலேயே இருக்கிறது. அரை கப் என்றால் 8 டேபிள்ஸ்பூன், நீங்கள் போடுவது அதில் கால்வாசி. வாஃபிள் மொறுமொறுப்பதே அந்த எண்ணெயால்தான், அதைக் குறைத்தால் கையில் கிடைப்பது வாஃபிள் அச்சில் சுட்ட பான்கேக். அரை கப் மனசுக்கு ஒப்பவில்லை என்றால் 5, 6 டேபிள்ஸ்பூனாவது போடுங்கள், மைதாவில் கால் கப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கார்ன்ஃப்ளார் சேருங்கள். மேக்கரிலிருந்து ஆவி வருவது அநேகமாக நிற்கும் வரை மூடியைத் திறக்க வேண்டாம், பச்சை விளக்கு எரிந்தாலும் சரி. ஃப்ரீசருக்குப் போகும் வாஃபிள் கொஞ்சம் வெளுப்பாக இருந்தால் நல்லதுதான், டோஸ்டரில் மறுபடியும் சிவக்கும், ஆனால் உள்ளே வெந்திருக்க வேண்டும்.

ஆற வைப்பதுதான் பெரிய விஷயம். சூடாக அடுக்கினால் உள்ளேயிருந்து வரும் ஆவி போக இடமில்லாமல் தண்ணீராகி அடுத்த வாஃபிளிலேயே இறங்கும். அதே தண்ணீர்தான் கவருக்குள் ஐஸாகவும் ஒட்டலாகவும் மாறுகிறது. கம்பி ஸ்டாண்டில் தனித்தனியாக வைத்து முழுசாக ஆற விடுங்கள். பிறகு ஒரு தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி ஃப்ரீசரில் ஒன்றிரண்டு மணி நேரம், கல்லானதும் கவரில் போட்டு, காற்றை நன்றாக வெளியேற்றி மூடுங்கள். அப்புறம் ஒட்டவே ஒட்டாது. இடமில்லை என்றால் நடுவில் பட்டர் பேப்பர் வைத்து அடுக்கலாம்.

தோசைத்திருப்பி:
மைக்ரோவேவை விட்டுவிடுங்கள். அது உள்ளே இருக்கும் தண்ணீரைத்தான் சூடாக்கும், மேல்பக்கம் காயாது. ஃப்ரீசரிலிருந்து நேராக பிரெட் டோஸ்டரில், நடுத்தரத்துக்கும் குறைவான சூட்டில் இரண்டு தடவை இறக்குங்கள். அமெரிக்காவில் எக்கோ வாஃபிள் என்று 1950-களிலிருந்தே இப்படித்தான் பாக்கெட்டில் விற்கிறார்கள், உறைந்ததை அப்படியே டோஸ்டரில் போடுவதற்கென்றே. டோஸ்டர் இல்லாதவர்கள் தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து, மூடாமல், இரண்டு பக்கமும் திருப்பினால் போதும். பான்கேக்குக்கு மட்டும் மைக்ரோவேவ் சரி, மேலே ஈரமான டிஷ்யூ போட்டு அரை நிமிடத்தில் பாருங்கள்.

இன்னொன்று, சீக்கிரம் சூடாகுமே என்று முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றாதீர்கள். மாவுச்சத்து இறுகி வறண்டு போவது ஃப்ரீசரில் அல்ல, ஃப்ரிட்ஜின் குளிரில்தான் வேகமாக நடக்கும்.

காலைக்காபி:
கம்பி ஸ்டாண்டும் 6 டேபிள்ஸ்பூன் எண்ணெயும் வேலை செய்தது, ஒட்டவில்லை, டோஸ்டரில் நன்றாக மொறுமொறுக்கிறது. ரொம்ப நன்றி. எங்கள் மேக்கரில் வருவது வட்ட வாஃபிள், நான்காக உடைத்தால்தான் டோஸ்டருக்குள் போகிறது, அது பரவாயில்லை. இப்போது கோதுமை மாவில் பான்கேக் சுடச் சொல்கிறார்கள், அது ஃப்ரீசருக்குப் போகாமலே வறண்டு கிடக்கிறதே?

இரும்புக்கல்:
கோதுமை மாவில் தவிடு இருப்பதால் பாலை நிறைய இழுக்கும். பாதி மைதா பாதி கோதுமையில் ஆரம்பியுங்கள், பாலை கால் கப் கூட்டி, கரைத்த மாவை ஒரு கால் மணி நேரம் சும்மா விடுங்கள், தவிடு ஊறிவிடும். கட்டி இருந்தால் இருக்கட்டும், அடித்துக் கரைக்கக் கூடாது. பான்கேக் அரை அங்குலத்துக்கு மேல் தடித்தால் சூடாக்கும்போது ஓரம் காய்ந்து நடுவில் ஜில்லென்றே இருக்கும்.

சிம்னிவிளக்கு:
எங்கள் பக்கம் கரண்ட் அடிக்கடி போகும். உருகியதை மறுபடி உறைய வைக்கலாமா?

தோசைத்திருப்பி:
மூடியே வைத்திருந்து, ஐஸ் இன்னும் கெட்டியாக இருந்தால் கவலை இல்லை. தொய்ந்துவிட்டது, ஆனால் ஜில்லென்று இருக்கிறது என்றால் அன்றைக்கே சுட்டுச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள், மறுபடி உறைந்தால் வாஃபிள் சொதசொதவென்று ஆகிவிடும். மணிக்கணக்காக அறைச் சூட்டில் கிடந்தது என்றால், முட்டையும் பாலும் சேர்ந்த பண்டம், யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். ஃப்ரீசர் சரியாக ஓடும் வீட்டிலும் ஒன்றிரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது, அதற்கு மேல் கெட்டுப்போகாது, ருசிதான் இருக்காது. கவரில் தேதி எழுதி ஒட்டிவிடுங்கள்.