பாதயாத்திரையில் வழி மாறினால் அதற்கு அர்த்தம் உண்டா?

வெள்ளவத்தைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். இந்த முறை கதிர்காமப் பாதயாத்திரையில் மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலில் சேர்ந்துகொண்டேன். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் இருந்து நடக்கிற அளவுக்குக் கொழும்பில் யாரும் லீவு தரமாட்டார்கள். கரையோரமாக நடந்து உகந்தையால் காட்டுக்குள் இறங்குவது, வழியில் எந்த வாகனத்திலும் ஏறுவதில்லை, இதுதான் நேர்த்தி.

களுவாஞ்சிகுடி தாண்டியதும் கூட்டத்தில் வந்த ஒரு வயதான அம்மா, மண்டூர் முருகனைக் கும்பிடாமல் ஓரடி எடுத்து வைக்கமாட்டேன் என்று தெருவோரத்தில் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் நிற்க முடியாது, அன்றிரவு தங்குமிடத்தில் அன்னதானத்துக்குச் சொல்லியாயிற்று. வேல் தூக்கி வந்த பெரியவர் என்னைப் பார்த்து, "தம்பி, உங்களுக்குத்தான் கால் நல்லா இருக்கு, அம்மாவோட போயிட்டு வாங்கோ" என்றார். குருமண்வெளியில் படகுப்பாதையில் (ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றுகிற மிதவை) ஏறி மட்டக்களப்பு வாவியைக் கடந்தோம், என் நேர்த்தி அங்கேயே உடைந்தது. மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நின்றபடி அந்த அம்மா சேலைத் தலைப்பில் முடிந்திருந்த காணிக்கைக் காசை அடிக்கடி தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

போனால் கோயில் நடை சாத்தியிருந்தது. மாலைப் பூசைவரை காத்திருந்தோம். பூசை செய்கிறவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு திரைக்குள் போனார், மணிச் சத்தம் மட்டும்தான். அம்மாவுக்குக் கால் வீங்கியிருந்ததால் இரவு அங்கேயே தங்கி, மறுநாள் பஸ்ஸில் திருக்கோயிலுக்குப் போய்க் கூட்டத்தைப் பிடித்தோம். பிறகு காடு, கதிர்காமம் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் கதிர்காமத்திலும் இருக்கிற அதேபோன்ற திரைக்கு முன்னால் நின்றபோது மனம் முழுக்க மண்டூர்தான் இருந்தது.

கூட்டத்தில் எல்லோரும் "முருகன் உங்களை அங்கே கூப்பிட்டிருக்கிறான்" என்கிறார்கள். எனக்கு அப்படிச் சட்டென்று சொல்ல வாய் வரவில்லை. உண்மையில் இதில் ஏதும் இருக்கிறதா, இல்லை பஸ் ஏறியதற்கு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறேனா?

மட்டுநகர் நடையன்:
தம்பி, முதலில் ஒன்று. மண்டூரைச் சின்னக் கதிர்காமம் என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வது. திரையும் வாய்கட்டிப் பூசையும் இரண்டு இடத்திலும் ஒன்றுபோல இருப்பது சும்மா இல்லை. அதனால் நீங்கள் வழி மாறினீர்கள் என்பதையே நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். இந்த யாத்திரைக்கு நேர்கோடு எப்போது இருந்தது? வற்றாப்பளை, வெருகல், மாமாங்கம், திருக்கோயில், உகந்தை என்று ஒரு கோயிலில் இருந்து இன்னொரு கோயிலுக்கு வளைந்து வளைந்து போவதுதானே. கெதியாகப் போக வேண்டும் என்றால் கொழும்பில் இருந்தே பஸ் இருக்கிறது.

காட்டுக்குள் பார்த்திருப்பீர்கள். குமுக்கன் ஆற்றைத் தாண்டியபிறகு பாதையைத் தீர்மானிப்பது தண்ணீரும் யானையும்தான். வறண்ட வருடத்தில் ஆற்று மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீர் எடுக்க வேண்டும், அது ஊறி வரும்வரை எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் நிற்கத்தான் வேண்டும். முன்னால் யானை நிற்கிறது என்றால் முதலில் போகிற சாமி கையைத் தூக்குவார், பின்னால் அவ்வளவு பேரும் அரோகராவைக்கூட வாய்க்குள் அடக்கிக்கொண்டு நிற்பார்கள். நாவலடிக்கும் வியாழைக்கும் இடையில் அப்படி நின்ற நேரத்தில்தான் எனக்குப் பக்கத்தில் நடந்த சிங்கள ஐயா தன் பேத்திக்காக நடக்கிறேன் என்று சொன்னார். நடந்துகொண்டே இருந்திருந்தால் அவர் முதுகை மட்டும்தான் பார்த்திருப்பேன்.

தெஹிவளை 77:
நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுகிறேன், கோபிக்க வேண்டாம். நல்லபடியாக முடிந்த வழிமாற்றத்துக்குத்தான் நாம் அர்த்தம் தேடுகிறோம். அந்த அம்மாவின் கால் புண்ணாகி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் "முருகன் கூப்பிட்டான்" என்று யாராவது சொல்லியிருப்பார்களா? திரும்பி வந்தவன்தானே கதை சொல்கிறான்.

ஆனால் நீங்கள் எழுதியதை இரண்டாம் முறை வாசித்தபோது வேறொன்று பட்டது. அந்த அம்மாவுக்கு மண்டூர் ஒரு சுற்றுவழியே இல்லை. அவர் வீட்டில் இருந்து வெளிக்கிட்டதே அதற்காகத்தான் என்றுகூடத் தோன்றுகிறது, காசு முடிந்து வைத்திருந்தாரே. வழி மாறியது உங்களுக்கு மட்டும்தான். உங்கள் நேர்த்தி உடைந்த அதே படகில் அவருடைய நேர்த்தி நிறைவேறியிருக்கிறது. இதற்குத் தெய்வச் செயல் என்று பெயர் வைப்பதும் வைக்காததும் உங்கள் விருப்பம், எனக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை.

கொட்டாஞ்சேனை அக்கா:
தெஹிவளைத் தம்பி சொல்வது பாதி சரி. மீதிப் பாதிக்கு நம்முடைய ஊரையே பாருங்கள். கொழும்பு ஆடிவேல் எப்படி வந்தது? வெள்ளைக்காரன் காலத்தில் கொலரா பரவுகிறது என்று கதிர்காம யாத்திரைக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். அங்கே போக முடியாத காலத்தில்தான் செட்டியார் தெருவில் இருந்து முருகனின் வேலை இரதத்தில் ஏற்றிக் காலிவீதியால் கொண்டுபோகிற திருவிழா தொடங்கியது என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1910இல்கூட அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனார்ட் வூல்ஃப் யாத்திரிகர் கூட்டத்தை மேற்பார்வை பார்க்கக் கதிர்காமத்துக்கே போய்த் தங்கியிருக்கிறார். மறித்த இடத்தில் நம் ஆட்கள் சும்மா இருக்கவில்லை, இன்னொரு பாதை போட்டார்கள். பம்பலப்பிட்டியில் வேல் வரும்போது கற்பூரம் கொளுத்துகிற யாரும் இது மாற்று ஏற்பாடு என்று நினைப்பதில்லை.

அதோடு அந்தக் கதையையும் மறந்துவிட்டீர்கள். வள்ளியைத் தேடி வந்த முருகனே நேர்வழியிலா போனான்? வேடனாக, வேங்கை மரமாக, கிழவனாக வேடம் மாற்றி, கடைசியில் அண்ணனை யானையாக வரச்சொல்லித்தான் காரியம் முடிந்தது. செல்லக் கதிர்காமத்தில் பிள்ளையார் இருப்பது அதற்குத்தான். கும்பிட்டீர்களா, இல்லை களைப்பில் விட்டுவிட்டீர்களா?

வெள்ளவத்தைக்காரன்:
கும்பிட்டேன் அக்கா, அந்த அம்மா விடவில்லை. தெஹிவளை அண்ணா சொன்னதுதான் தலைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவர் பக்கத்தில் இருந்து நான் யோசிக்கவே இல்லை. பஸ்ஸில் அவர் என் தோளில் சாய்ந்து நல்ல நித்திரை, நான் மட்டும் கிலோமீற்றர் கல்லை எண்ணிக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். கூப்பிட்டானா இல்லையா என்பது இன்னும் பிடிபடவில்லை, அது அப்படியே இருக்கட்டும். நடையன் அண்ணா, அடுத்தமுறை மண்டூரையும் சேர்த்தே நடக்க நினைக்கிறேன். வாவியைச் சுற்றி நடந்தே போகலாமா?

மட்டுநகர் நடையன்:
போகலாம், ஆனால் நல்ல சுற்று, வெயிலும் சாப்பிட்டுவிடும். படகில் ஏறுங்கள் தம்பி, எங்கள் ஆட்கள் அதை நேர்த்தியில் கணக்கெடுப்பதில்லை. காட்டுப்பாதை திறக்கும் திகதி வருடத்துக்கு வருடம் மாறும், லீவு போட முதல் அதை விசாரியுங்கள். உகந்தைக்கு முதல் நாளே போய்ச் சேர்ந்தால் இரவு ஆறுதலாகப் படுக்கலாம். அடையாள அட்டையை மறக்க வேண்டாம், பொலித்தீன் பை காட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம். அந்த அம்மாவின் நம்பர் இருந்தால் அவரிடமும் ஒரு சொல் சொல்லி வையுங்கள்.