பீஃப் இஷ்டு: புதுப்பிப்பு

கேரளா பாணி பீஃப் இஷ்டுவுக்கு (தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்யும் ஸ்டூ) எந்தக் கறி வாங்கலாம், தேங்காய்ப்பால் திரியாமல் இருக்க என்ன வழி என்று போன வாரம் கேட்டிருந்தேனே, செய்தாச்சு!

ஜவ்வோடு இருக்கும் கால் சதையைச் சொன்னவருக்கு நன்றி. அந்த ஜவ்வு மெதுவாக உருகித்தான் சாறு விரலில் ஒட்டுகிற அளவுக்குக் கெட்டியானது. குக்கரைத் தொடவில்லை. பட்டை, கிராம்பு, ஏலக்காய், நசுக்கிய மிளகு, இஞ்சியோடு கறி மூழ்கத் தண்ணீர் விட்டு, சிறு தீயில் இரண்டரை மணி நேரம். அப்புறம் உருளைக்கிழங்கு, கேரட், கீறிய பச்சைமிளகாய், இரண்டாம் பால். முதல் பாலை அடுப்பை அணைத்த பிறகே ஊற்றினேன், திரியவே இல்லை.

மஞ்சள்தூள் சேர்க்கச் சொன்னவர் கோபித்துக்கொள்ள வேண்டாம், எனக்கு இஷ்டு வெள்ளையாகத்தான் இருக்கணும். ஆப்ப மாவுதான் குளிரில் புளிக்கவில்லை. பிரெட்டோடு சாப்பிட்டோம், சட்டி காலி.