ரேடியேட்டர் மின்விசிறி: புல்லர், புஷர், ஷ்ரவுடுக்கு என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம்.

அம்பாசிடர், ஜீப் போன்ற பழைய வண்டிகளில் இஞ்சினோடு சேர்ந்து சுற்றும் பெல்ட் விசிறியைக் கழற்றிவிட்டு மின்விசிறி பொருத்துவது பற்றி ஒரு கையேடு தயாராகிறது, அதற்குச் சொற்கள் வேண்டும் என்று கேட்ட மடலுக்கு வந்த பதில்களைப் படித்தேன். பாதிக்கு மேல் ‘ரேடியேட்டருக்குத் தமிழில் என்ன’ என்பதிலேயே நிற்கின்றன. அதை முடித்துவிட்டு வேலைக்கு வருகிறேன்.

> கதிர்வீசி என்றே எழுதலாம். வேர்ச்சொல்லுக்கு நேராக வருகிறது.

வேருக்கு நேர்தான், பொருளுக்கு இல்லை. ரேடியேட்டர் குழாய்களில் ஓடும் சூடான கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) தன் வெப்பத்தை மெல்லிய தகடுகளுக்குக் கடத்துகிறது. தகடுகளை உரசிக்கொண்டு போகும் காற்று அதை வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. கதிர்வீச்சாக வெளியேறுவது சொற்பம். கதிர்வீசியே இஞ்சினைக் குளிரவைக்கும் என்றால் இந்த மடலாடலே தேவைப்பட்டிருக்காது, விசிறி எதற்கு? ரேடியேட்டர் என்றால் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் புரிகிறது. அப்படியே இருக்கட்டும். சொல் இல்லாததால் எங்கே வேலை கெடுகிறதோ அங்கே நம் உழைப்பைப் போடலாம் என்பது என் கட்சி.

அப்படிக் கெடுகிற முதல் இடம் புல்லர், புஷர். ரேடியேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவே நின்று காற்றைத் தன் பக்கம் இழுப்பது ஒன்று. கிரில் பக்கம், ரேடியேட்டருக்கு முன்னால் நின்று காற்றை உள்ளே தள்ளுவது இன்னொன்று. நம் ஊரில் இரண்டையும் ‘ஃபேன் மோட்டார்’ என்றே சொல்கிறார்கள். 1983-ல் மாருதி 800 வந்ததிலிருந்து புழங்கும் பேச்சு அது. அந்த வண்டியில் இஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கும், அதன் புல்லி பக்கவாட்டைப் பார்த்திருக்கும். ரேடியேட்டரைப் பார்த்து விசிறி சுழலவேண்டுமானால் தனி மோட்டார் வைப்பதுதான் வழி. கம்பெனியே திசை பார்த்துப் பொருத்தித் தந்துவிட்டதால், இழுக்கிறதா தள்ளுகிறதா என்று யாரும் கேட்கவேண்டியிருக்கவில்லை. கடையில் தனியாக ஒரு விசிறி வாங்கி அம்பாசிடரில் மாட்டும்போது அந்தக் கேள்வி வந்தே தீரும்.

> முன்விசிறி, பின்விசிறி என்றால் எளிமையாக இருக்குமே?

இருக்காது. பின்னால் இஞ்சின் உள்ள பேருந்துகள் பலவற்றில் ரேடியேட்டர் பக்கவாட்டில் இருக்கிறது. அங்கே எது முன், எது பின்? அதைவிட முக்கியம், இடத்தை மட்டும் சொன்னால் காற்றின் திசை தெரியாது. இவை நேர்மின்னோட்ட மோட்டார்கள். இரண்டு ஒயர்களை மாற்றிக் கொடுத்தால் எதிர்த்திசையில் சுற்றும். பாசிட்டிவ் எர்த் (பாட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடலோடு இணைந்திருப்பது) கொண்ட பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் ஒயரின் நிறத்தை நம்பி இணைத்தால் இதுதான் நடக்கும். இஞ்சின் பக்கம் மாட்டிய விசிறி, இழுப்பதற்குப் பதிலாக வெளியே தள்ள ஆரம்பிக்கும். வண்டி ஓடும்போது முன்னாலிருந்து வரும் காற்றும் விசிறிக் காற்றும் முட்டிக்கொள்ளும். விசிறி நன்றாகச் சுற்றுகிறது, சூடும் ஏறுகிறது. மெக்கானிக் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிப்பார், செலவு எங்கோ போய்விடும். ரேடியேட்டரின் கிரில் பக்கத்தில் ஒரு தாளை வைத்துப் பார்த்தால் போதும். ஒட்டிக்கொண்டால் சரி, பறந்தால் ஒயரை மாற்றவேண்டும். ஒயர் மட்டுமல்ல, இறக்கையின் வளைவும் திசைக்கேற்றபடி இருக்கவேண்டும். தள்ளுவதற்கென்று வளைந்த இறக்கையை எதிர்ப்பக்கம் சுற்றவைத்தால் காற்று வரும், ஆனால் வேலை வெகுவாகக் குறைந்துவிடும்.

ஆகவே செயலை வைத்தே பெயரிடலாம்: இழுவிசிறி, தள்ளுவிசிறி. இரண்டும் வினைத்தொகை, சொன்னவுடன் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். இயற்பியலில் இழுவிசை இருக்கிறதே, குழம்பாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பவருக்கு அந்தக் குழப்பம் வராது.

அடுத்து ஷ்ரவுட். இதற்குத்தான் நல்ல சொல் இல்லை, இதைத்தான் பலரும் பொருத்தாமல் விடுகிறார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றே நினைக்கிறேன்.

> விசிறிக் கவசம் அல்லது விசிறி உறை. அகராதிப் பொருள் அதுவே.

கவசம் என்று எழுதினால் படிப்பவர் கை படாமலிருக்கப் போடும் கம்பி வலையை நினைப்பார், ‘அது இல்லாமலும் ஓடும்’ என்று தள்ளிவிடுவார். உறை என்றாலோ தூசிக்குப் போடுவது. இந்தப் பொருளின் வேலை காப்பது இல்லை. ரேடியேட்டர் செவ்வகம், விசிறி வட்டம். வெறும் விசிறியை ரேடியேட்டரோடு ஒட்டி மாட்டினால் அந்த வட்டத்துக்கு நேரே உள்ள பகுதி வழியாகத்தான் காற்று வரும், நான்கு மூலைகளும் சும்மா கிடக்கும். கொஞ்சம் தள்ளி மாட்டினாலோ, எளிதான வழி கிடைக்கிறதே என்று விசிறி பக்கத்து இடுக்கிலிருந்து இஞ்சின் சூட்டுக் காற்றையே இழுத்துச் சுற்றிக்கொண்டிருக்கும். மடையை அடைக்காமல் வாய்க்காலில் தண்ணீர் எதிர்பார்ப்பது போலத்தான். ரேடியேட்டரின் முழுப் பரப்பையும் மூடி, அதன் வழியே வரும் காற்றை எல்லாம் விசிறியின் வட்டத்துக்குக் குவிக்கிற கூடுதான் ஷ்ரவுட்.

அதனால் குவிகூடு. இதுவும் வினைத்தொகை, ஒற்று மிகாது. ‘குவிக்கூடு’ என்று எழுதிவிடாதீர்கள். தூம்பு என்று ஒரு பரிந்துரை வந்தது. அழகான பழஞ்சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் நீண்ட குழாய்க்குப் பொருந்துகிற அளவுக்கு இந்தத் தட்டையான பெட்டிக்குப் பொருந்தவில்லை. ஏசிக் காற்று வரும் டக்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, தெர்மாஸ்டாட். இங்கே ஒரே சொல்லில் இரண்டு பொருள்களை அழைத்துக் குழப்புகிறோம். இஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குக் கூலன்டைத் திறந்துவிடும் வால்வு ஒன்று, விசிறியை ஓடவைக்கும் சுவிட்ச் இன்னொன்று. வால்வு 82 டிகிரி செல்சியஸில் திறக்கிறது என்றால், சுவிட்ச் அதற்கு மேலே, 92, 95 என்று இருக்கவேண்டும். கீழே வைத்துவிட்டால் இஞ்சின் சூடேறிய பிறகு விசிறி நிற்கவே நிற்காது, மின்விசிறி மாட்டியதன் பயனே போய்விடும். வால்வுக்குத் தெர்மாஸ்டாட் இருக்கட்டும். சுவிட்சுக்கு யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன வெப்ப ஆளி நன்றாக இருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் சுவிட்ச் ஆளிதான். நம் பக்கமும் பழகிவிடும்.

இந்த ஆளி 95-ல் போடும், 90-ல்தான் அணைக்கும். நடுவில் அந்த ஐந்து டிகிரி இல்லாவிட்டால் ரிலே (சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருந்து அதன் முனைகள் கருகிப்போகும். இதற்குப் புதுச்சொல் தேவையே இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் காந்தத் தயக்கம் (ஹிஸ்டெரிசிஸ்) படித்திருக்கிறோம். அதே தயக்கம் இங்கேயும் அச்சாகப் பொருந்துகிறது. அணைக்கத் தயங்குகிற ஆளி!

> ரிலேக்கு அஞ்சல் ஆளி?

வானொலியில் ‘அஞ்சல் செய்கின்றன’ என்று கேட்டு வளர்ந்தவன் என்பதால் இந்தச் சொல் எனக்குப் பிடிக்கிறது. ஆனால் கடையில் போய் ரிலே என்றுதான் கேட்கவேண்டும். ரிலேயாகவே இருக்கட்டும். சொல்லைவிட ரிலேயைப் பொருத்தச் சொல்வதுதான் அவசரம். 20 ஆம்பியர் இழுக்கும் விசிறியை டாஷ்போர்டு சுவிட்சோடு நேராக இணைத்தால் சுவிட்ச் உருகும். ரிலேயில் 30 என்ற முனைக்கு பாட்டரியிலிருந்து உருகி (ஃப்யூஸ்) வழியாக, 87-லிருந்து விசிறிக்கு, 85-ம் 86-ம் சுருளுக்கு. உருகி என்பதை இரு நாட்டுப் பாடநூல்களும் சொல்கின்றன, தயங்காமல் எழுதலாம். டைனமோ உள்ள வண்டி என்றால் அது தரும் மொத்த மின்னோட்டமே ஏறக்குறைய இந்த 20 ஆம்பியர்தான். முதலில் கூடுதல் மின்னோட்டம் தரும் ஆல்டர்னேட்டர், அப்புறம் விசிறி என்று கையேட்டில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

சொற்கள் வாக்கியத்தில் நிற்கின்றனவா என்று எழுதிப் பார்த்தேன்:

“பெல்ட் விசிறி இஞ்சின் வேகத்தில்தான் சுற்றும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது நடுவே ஒரு பேருந்துக்காக நின்றால், இஞ்சின் கொதிக்கிற நேரத்தில் விசிறி மெதுவாகச் சுற்றும். இழுவிசிறிக்கு அந்தக் குறை இல்லை. இழுவிசிறியைக் குவிகூட்டில் திருகிப் பொருத்தவும். பிளாஸ்டிக் ஊசிகளை ரேடியேட்டர் தகடுகளுக்குள் நேராகச் செருகி மாட்டவேண்டாம். அதிர்வில் உரசி உரசிக் குழாய் ஓட்டையாகும். தாளை வைத்துக் காற்றின் திசையைச் சரிபார்த்தபின் வெப்ப ஆளியை இணைக்கவும்.”

என் காதுக்கு இடறவில்லை. உங்களுக்கு இடறினால் எந்தச் சொல் என்று குறிப்பிட்டு, மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.

விஸ்கஸ் கிளட்ச் மட்டும் பாக்கி. சூடு ஏறினால் உள்ளே உள்ள சிலிக்கோன் எண்ணெய் வழியாக விசிறியைப் பிடித்துக்கொள்கிற, ஆறினால் நழுவவிடுகிற அமைப்பு. ‘பாகுக் கிளட்ச்’ என்றால் பாடநூலின் பாகுநிலையோடு ஒத்துப்போகும்தான், ஆனால் வெல்லப்பாகு நினைவுக்கு வந்துவிடுகிறது. வேறு யோசனை உள்ளவர்கள் சொல்லலாம்.