20 அடி கேசிங் போதுமா?

திருச்செங்கோட்டான்:
"வீட்டு போருக்கு 20 அடி கேசிங் போதும், அதுக்கு மேல போடச் சொல்றவன் காசு பறிக்கிறவன்"னு நேத்து ஒருத்தர் இங்க எழுதியிருக்காருங்க. படிச்சதுல இருந்து மனசு ஆறல. 22 வருசம் போர் போடற ரிக் வண்டியில நின்னவன் நான். ஆழ்துளைக் கிணத்துல மேல்மண்ணு சரியாம இறக்கற பைப்புதான் கேசிங்; அது எத்தனை அடின்னு பாறைதான் சொல்லணும். முதல்ல செம்மண் வரும், அப்புறம் மக்குன சரளை. அள்ளி உள்ளங்கையில தேச்சா மாவாட்டம் ஒட்டும். கெட்டிப் பாறையைத் தொட்டா சுத்தியல் சத்தமே மாறிப்போகும், வெள்ளைப் பொடி புகையாட்டம் கிளம்பும். அதுக்குள்ள நாலஞ்சு அடி இறங்கி 7 இன்ச் பைப்பை உக்கார வச்சுட்டுத்தான் பாறையைத் துளைக்கிற ஆறரை இன்ச் பிட்டை மாட்டணும்.

ஓமலூரான்:
அந்த ஒருத்தர் நான்தான். பேரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். எங்க வீட்டு போர் 2011ல போட்டது. 380 அடி, கேசிங் 20 அடி. வண்டிக்காரர் 80 அடி போடணும்னு ஒத்தக்கால்ல நின்னார், நான் விடல. இன்னைக்கும் ரெண்டு இன்ச் தண்ணி வருது. பதில் சொல்லுங்க.

திருச்செங்கோட்டான்:
உங்களுக்கு 15 அடியிலேயே பாறை சிக்கியிருக்கும். அதை வச்சு ஊருக்கே 20ன்னு எழுதுவீங்களா? போன வருசம் ஒரு வீட்டுல மக்கு 55 அடி வரைக்கும் இருந்துச்சு. வீட்டுக்காரர் பிடிவாதத்துக்கு 20 அடியோட நிறுத்துனாங்க. ஐப்பசி மழையில மண்ணு சரிஞ்சு மோட்டார் மேல உக்காந்துக்கிச்சு. இழுக்க இழுக்கப் பைப்பு அறுந்துதான் வந்தது. அந்த வீட்டம்மா சேறு அப்பின பைப்புத் துண்டைப் பார்த்து அழுதது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. மோட்டார், ஒயர், போர் மூணும் போச்சு.

அடையாறுவாசி:
பாறை வரைக்கும் போட்டா போதும்னு சொல்றதும் தப்புதான் சார். திருவான்மியூர்ல எங்களுக்கு மணல். அடி வரைக்கும் கேசிங், கீழே கீறல் போட்ட ஃபில்டர் பைப், சுத்திலும் கூழாங்கல். ரொம்ப ஆழம் போனா உப்புத் தண்ணி ஏறிடும். 2003ல மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினதுக்கு அப்புறம்தான் எங்க தெருவுல கொஞ்சம் மூச்சு வந்தது.

திருச்செங்கோட்டான்:
கடற்கரை மணலைக் கொண்டாந்து எங்க கருங்கல்லுக்குக் கணக்குச் சொல்லாதீங்க. நான் கேக்கறது ஒண்ணுதான். 20 அடின்னு எவன் சொன்னான்?

ஓமலூரான்:
நான் சொன்னேன். இப்பவும் சொல்றேன், 20.

மணப்பாறைக்காரி:
அண்ணன்மாரே, 2019ல எங்க பக்கத்து நடுக்காட்டுப்பட்டியில கைவிட்ட போர்ல குழந்தை விழுந்ததை மறந்துட்டீங்களா? நாலு நாள் ஊரே சோறு தண்ணி இல்லாம கிடந்தோம். வாயை இரும்புத் தகடு வச்சு வெல்டிங் பண்ணணும், இல்லன்னா போல்ட் போட்டு மூடணும், சுத்தி சிமெண்ட் மேடை கட்டணும்னு உச்ச நீதிமன்றம் 2010லயே சொல்லிருச்சு. கேசிங் தரைக்கு மேல எவ்வளவு நிக்கணும்னு உங்கள்ல ஒருத்தர் எழுதினீங்களா?

திருச்செங்கோட்டான்:
மூடாம விட்டுட்டுப் போறவனை நானும் மன்னிக்க மாட்டேன் அம்மணி. ஆனா மூடி நிக்கணும்னா பைப்பு ஆடாம நிக்கணுமில்ல? பாறையில உக்காராத 20 அடிப் பைப்பு நாளைக்கே இறங்கிரும்.

ஓமலூரான்:
14 வருசமா இறங்கல. தேங்காயைக் கையில வச்சு நீரோட்டம் பார்க்கறது சரின்னு போன தடவை இங்க மல்லுக்கட்டினவர்தானே நீங்க? உங்க பேச்சை நம்பி நான் கேசிங் போடணுமா?

திருச்செங்கோட்டான்:
எங்கப்பா கையில தேங்காய் செங்குத்தா எழுந்து நின்னதைப் பார்த்தவன் நான். அவர் காட்டுன இடத்துல தண்ணி வராம வண்டி திரும்புனதில்ல. அவரை இழுக்காதீங்க.

அடையாறுவாசி:
நிலத்தடி நீர் ஆய்வுக்கு, மண்ணும் பாறையும் கரண்டை எவ்வளவு தடுக்குதுன்னு அளக்கிற கருவி இருக்கு சார். தேங்காய்க்கு நிலத்தடி என்ன தெரியும்?

திருச்செங்கோட்டான்:
கருவி வச்சுப் பார்த்த இடத்துல தண்ணியே இல்லாம 900 அடி புழுதியா ஓட்டின வண்டியில நானும் நின்னிருக்கேன், அந்தக் கதையை அப்புறம் பேசுவோம். கேசிங்குக்கு வாங்க.

ஓமலூரான்:
நாளைக்கு எங்க போரைப் படம் பிடிச்சுப் போடறேன், எல்லாரும் பாருங்க.

திருச்செங்கோட்டான்:
போடுங்க. மூடியை மட்டும் எடுத்துப் போடாதீங்க. போர் கேமராவை இறக்கி, 20 அடிக்குக் கீழ சுவரு மண்ணா கல்லான்னு காட்டுங்க.