மறு: குளிர்நீர்க் கயாக் கையுறை வகைகள்: ‘போகி’க்கு ஒரு தமிழ்ச்சொல்

அனைவருக்கும் வணக்கம்.

அக்கா, கயாக் என்னும் ஒடுங்கிய துடுப்பு வள்ளத்தில் குளிருக்குக் கையை மூடும் ‘போகி’ (pogie) என்ற உறைக்கு நீங்கள் தந்த ‘துடுப்புக் கையுறை’ கேட்டதும் விளங்குகிறது. ஆனால் தவறாக விளங்கிவிடுகிறது. துடுப்புப் போடும்போது கையில் மாட்டுவது என்றே எவரும் எடுத்துக்கொள்வார்கள். நாம் பெயர் தேடும் பொருளைக் கையில் மாட்டுவதே இல்லை. அது துடுப்புத் தண்டைச் சுற்றி வெல்குரோவால் ஒட்டியபடி இருக்கும். வெறுங்கை அதற்குள் நுழைந்து தண்டைப் பிடிக்கும். வள்ளம் கவிழ்ந்து கை நழுவினால் உறை துடுப்போடு போய்விடும். கை தண்ணீரில் வெறுங்கையாகவே இருக்கும்.

இந்த வேறுபாட்டில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் ஒன்ராறியோ ஏரி. ஏப்ரலில் ரொறன்ரோவில் வெயில் 15 பாகை காட்டும் நாளிலும் தண்ணீர் 4, 5 பாகையில் கிடக்கும். மனிற்றோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லிவரும் 1-10-1 கணக்கு உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும்: மூச்சை அடக்க 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், குளிரில் நினைவிழக்க 1 மணித்தியாலம். அந்த 10 நிமிடத்தில் விரல்கள்தான் முதலில் கைவிடும். ஆகவே உறை எதோடு சேர்ந்தது என்பதில் புதியவருக்குக் குழப்பம் வரக்கூடாது.

> துடுப்புறை என்று சுருக்கலாமே?

கத்தியுறை கத்தியை மூடும், தலையணையுறை தலையணையை மூடும். துடுப்புறை என்றால் துடுப்பைப் போட்டுவைக்கும் பை என்றாகிவிடும். ‘போகி’ என்று ஒலிபெயர்த்தாலோ பொங்கலுக்கு முதல்நாள் வந்து நிற்கிறது.

என் முன்மொழிவு ‘புட்டில்’. கூடைக்கும் உறைக்கும் பழைய பெயர். வில்லாளர் அணிந்த விரலுறை விரற்புட்டில். கையைக் காப்பதும் கை நுழைவதும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. இன்றைய பேச்சில் அதற்கு வேறு வேலை இல்லாததால் முன்சொல் இல்லாமலே நிற்கும். ‘புட்டிலுக்குள் கையை விடு’ என்று சொல்லிப் பாருங்கள், வாய்க்கு இடறவில்லை.

> மிட்டனுக்கு (பெருவிரல் மட்டும் தனியாகப் பிரிந்த கையுறை) ‘விரலில்லாக் கையுறை’ அல்லது ‘ஒற்றைவிரல் கையுறை’

முதலாவது, நுனி வெட்டிய கையுறையையும் குறிக்கும். குளிர்நீரில் இரண்டும் எதிரெதிர். அதை ‘அரைவிரல் கையுறை’ என்று பிரித்துவிடலாம். இரண்டாவதும் சரிவராது. கிறீன்லாந்தின் கயாக் வேட்டைக்காரர்களின் உறைகளில் இரண்டு பெருவிரல் வைத்தவை உண்டு. ஒரு பக்கம் நனைந்தாலோ தேய்ந்தாலோ மறுபக்கம் திருப்பிப் போட. எத்தனை பெருவிரல் இருந்தாலும் மற்ற நான்கு விரலும் ஒரே அறையில்தான், சூடு தங்குவதும் அதனால்தான். எனவே ‘கூட்டுவிரல் கையுறை’.

கையுறையின் தடிப்பைப் பற்றித் தம்பி கேட்டிருந்தார். முதல் வசந்தத்தில் 5 மி.மீ. நியோபிரீன் (செயற்கை இறப்பர்) கையுறை வாங்கினேன். சூடு குறையவில்லை, ஆனால் ஒவ்வொரு முறை தண்டைப் பிடிக்கும்போதும் இறப்பரை மடக்கவே பலம் போய், அரைமணியில் முன்கை இறுகிவிட்டது. நீர்ப்பாவாடையை (இடுப்பைச் சுற்றிக் கட்டி, வள்ளத்தின் இருக்கை வாயை நீர் புகாமல் மூடும் துணி) கழற்றும் வளையம் விரலுக்குத் தட்டுப்படவே இல்லை. கரையில் இருந்தபடிதான் இதைக் கண்டுபிடித்தேன், நல்லகாலம். இப்போது 3 மி.மீ., விரல்கள் வளைந்தபடியே தைத்தது. புட்டில் போடும் நாளிலும் அந்தச் சோடி மிதவைச் சட்டைப் பையில் இருக்கும். புதிதாக வாங்குபவர் கடையிலேயே மாட்டிக்கொண்டு ஒரு கயிற்று வளையத்தைக் கண்ணை மூடி இழுத்துப் பார்க்கட்டும்.

சனிக்கிழமை நான்கு பேர் முதல்முறையாக வருகிறார்கள். அவர்களுக்கு அனுப்பும் பட்டியலில் ‘கையுறை 1 சோடி, புட்டில் 1 சோடி’ என்று எழுத விரும்புகிறேன். ஐயா, புட்டிலை இப்படி ஆள்வதில் இலக்கண முறையில் தடை ஏதும் இருந்தால் வியாழனுக்குள் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.